“குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா?” இதைச் சரியாகக் கேட்க எங்கே பயிற்சி எடுப்பது?

#1 தென்மாவட்ட சர்ஜன்

எல்லாருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சை பார்க்கிறேன். வயது 46. இனிமேல் பரீட்சையே எழுத வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தவன், இப்போது ஒரு பயிற்சிக்கு வழி கேட்டு வந்திருக்கிறேன்.

காரணம் ஒரு கேஸ். 34 வயதுப் பெண், இடது மார்பில் கட்டி, பயாப்சியில் ட்ரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய். கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் ஹவுஸ் சர்ஜன் ‘குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். கீமோ முடிந்து, ஆபரேஷன் முடிந்து, டிஸ்சார்ஜ் அன்று பெண்ணின் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: “இவ அத்தைக்கும் இதே மாதிரிதான் சார் வந்துச்சு. அத்தை மக வயித்துல கட்டி வந்து போயிட்டா.” ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “எங்க வீட்டு ஆளுங்களத்தானே கேட்டீங்க? அது இவ அப்பா வீடு சார்.”

அப்பா வழியிலும் பிஆர்சிஏ (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களின் மாற்றம்) வரும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் கேட்கத் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பரம்பரைப் புற்றுநோய் ஆபத்தை மதிப்பிட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் எந்தப் பயிற்சி உருப்படியானது? சென்னையில் அவ்வப்போது இரண்டு நாள் பயிலரங்கு நடக்கிறது. வெளிநாட்டு ஆன்லைன் படிப்புகள் இருக்கின்றன. ஜெனெடிக் கவுன்சலிங்கில் எம்.எஸ்சி. இருக்கிறது, ஆனால் அதற்கு எங்கள் வார்டிலிருந்து யாரையும் இரண்டு வருடம் அனுப்ப முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகப் பேர்வழி

சார், உங்கள் ஓ.பி.யில் ஒரு நாளைக்கு எத்தனை பேர்? எங்களுக்கு 120. ஆளுக்கு மூன்று நிமிடம் கூட இல்லை. இதில் தாத்தா, பாட்டி, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று மரம் வரைந்துகொண்டிருந்தால் வரிசை பஸ் ஸ்டாண்ட் வரை போகும். வரைந்து முடித்த பிறகும் டெஸ்ட்டுக்குப் பணம் யார் கொடுப்பது? பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் லேப் கம்பெனிகள் ஓட்டலில் சாப்பாடு போடுகின்றன. நான் மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறேன். பிரியாணி நன்றாக இருந்தது. வேறு எதுவும் நினைவில்லை.

#3 குருதிக்கோடு

நான் ஜெனெடிக் கவுன்சலர். கோவையில் வேலை. சர்ஜன் சாரின் அந்த ஒரு வரி, “கேட்கத் தெரியவில்லை”, என் தொழிலின் பாதி அதுதான். மரபணு பற்றி எங்கே வேண்டுமானாலும் படித்துவிடலாம். கேட்பதைத் தமிழில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஏனென்றால் பாடப்புத்தகம் எல்லாம் ‘ஆன்ட்டி’யை வைத்து எழுதியது.

அத்தை என்ற சொல்லை எடுங்கள். அப்பாவின் கூடப் பிறந்தவளும் அத்தை, தாய்மாமன் மனைவியும் அத்தை, மாமியாரும் அத்தை. ரத்த உறவு இதில் முதலாமவருக்கு மட்டும்தான் நிச்சயம். சித்தி என்றால் அம்மாவின் தங்கையாக இருக்கலாம், சித்தப்பா கட்டிக்கொண்டு வந்தவராக இருக்கலாம், அப்பாவின் இரண்டாம் மனைவியாகக் கூட இருக்கலாம். ‘அண்ணனுக்குக் குடல்ல கேன்சர்’ என்றால் பெரியப்பா மகனாகவும் இருக்கும். நான் பயிற்சிக்கு வருபவர்களிடம் முதலில் பழக்குவது ஒரே ஒரு துணைக் கேள்வி: “கூடப் பிறந்தவரா, கட்டிக்கிட்டு வந்தவரா?” இதைக் கேட்காமல் வரைந்த மரத்தை நம்பி எதுவும் செய்யக் கூடாது.

அடுத்தது நோயின் பெயர். ‘கர்ப்பப்பை கேன்சர்’ என்பார்கள். அது கர்ப்பப்பை வாயாக இருந்தால் பெரும்பாலும் எச்பிவி வைரஸ் வேலை, நம் கணக்கில் வராது. கர்ப்பப்பை உட்சுவராக இருந்தால் லிஞ்ச் நோய்க்குறியை (குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்றுநோய் தரும் பரம்பரைக் கோளாறு) நினைக்க வேண்டும். சினைப்பையாக இருந்தால் பிஆர்சிஏ. மூன்றுக்கும் வீட்டில் ஒரே பெயர். அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்க வேண்டும். ரத்தம் போனதா, வயிறு வீங்கித் தண்ணீர் எடுத்தார்களா, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா? ‘மஞ்சக்காமாலையில போனார்’ என்று சொல்லப்பட்ட தாத்தா ஒருவர் கடைசியில் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

‘உங்க வீட்டுல யாருக்காவது’ என்று தொடங்கவே தொடங்காதீர்கள். கல்யாணமான பெண்ணுக்கு எது ‘உங்க வீடு’? சிலர் மாமியார் வீட்டைச் சொல்வார்கள், சிலர் அம்மாவைச் சொல்வார்கள். அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், பெரியவரிலிருந்து சொல்லுங்கள் என்று ஆரம்பியுங்கள். தலையை எண்ணுங்கள். நோயைப் பிறகு கேட்கலாம். தலையை எண்ணும்போதுதான் ‘நடுவுல ஒருத்தி இருந்தா, சின்ன வயசுலயே போயிட்டா’ என்பது வரும்.

#4 லீட்ஸ் சாரல்

குருதிக்கோடு சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் திருநெல்வேலிக்காரி, இங்கிலாந்தில் கேன்சர் ஜெனெடிக்ஸ் நர்ஸ். எங்கள் கிளினிக்குக்குத் தமிழ்க் குடும்பம் வந்தால் மொழிபெயர்ப்பாளர் எல்லா அத்தையையும் ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். நான் இடையில் புகுந்து திருத்த வேண்டியிருக்கும்.

சந்தேகப் பேர்வழி சாருக்கு: நேரமில்லை என்ற புகார் இங்கேயும் உண்டு. கவுன்சலர்கள் போதாமல் இங்கேயும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்கு லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 2013 வாக்கில் ஒரு வழி கண்டது. சினைப்பைப் புற்றுநோய் உள்ள பெண்ணை ஜெனெடிக்ஸ் கிளினிக்குக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஏற்கெனவே சிகிச்சை தரும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஆன்லைனில் சின்னப் பயிற்சி கொடுத்து, அவர்களே விளக்கிச் சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்தார்கள். முடிவு பாசிட்டிவ் என்றால் மட்டும் ஜெனெடிக்ஸ் பிரிவு கூப்பிட்டுப் பேசும். முதலில் 207 பெண்களுக்குச் செய்ததில் 33 பேரிடம் பிஆர்சிஏ மாற்றம் இருந்தது. கிட்டத்தட்ட ஆறில் ஒருவர். அந்த 33 குடும்பங்களைத்தான் கவுன்சலர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எல்லாரும் எல்லாம் கற்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சின்னப் பயிற்சியை முடித்தவர்கள் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பிஆர்சிஏ1 மாற்றம் இருந்தால் பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு. அது மாற்றம் போவதற்கான வாய்ப்பு, கேன்சருக்கானது இல்லை. மாற்றம் போய்ச் சேர்ந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், சினைப்பையில் சுமார் 44. பிஆர்சிஏ2 என்றால் 69, 17. இந்த இரண்டு வகை எண்ணையும் குழப்பி, ‘உங்க பொண்ணுக்குக் கேன்சர் வர பாதிக்குப் பாதி சான்ஸ்’ என்று ஒரு டாக்டர் சொல்ல, அந்த அம்மா அழுதுகொண்டே எங்களிடம் வந்தார். மகளுக்கு டெஸ்ட் எடுத்தோம். அவளிடம் மாற்றமே இல்லை.

#5 தென்மாவட்ட சர்ஜன்

குருதிக்கோடு, உங்கள் பதிவைப் பிரிண்ட் எடுத்து ஓ.பி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஹவுஸ் சர்ஜன்கள் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் ‘கூடப் பிறந்தவனா, கட்டிக்கிட்டு வந்தவனா’ என்று கிண்டல் செய்கிறார்கள். பரவாயில்லை, மனதில் நின்றுவிட்டது.

அமெரிக்காவில் சிட்டி ஆஃப் ஹோப் என்ற இடத்தில் இதற்கென்றே தீவிரப் பயிற்சி நடப்பதாகக் கேள்வி. அதைப் பற்றித் தெரிந்தவர்கள்?

#6 கீமோ நாற்காலி

மெடிக்கல் ஆங்காலஜி. நான் போனதில்லை, என்னோடு பி.ஜி. படித்தவர் போய்வந்தார். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊர். ஜெஃப்ரி வைட்செல் என்ற மருத்துவர் குழுவோடு தொடங்கி வளர்த்த படிப்பு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் 2002-ஐ ஒட்டி ஆரம்பித்தது. டாக்டர், நர்ஸ், கவுன்சலர் மூவரும் ஒரே வகுப்பில். முதலில் வீட்டிலிருந்தே படிப்பது. பிறகு சில நாள் நேரில் போய் உட்கார்ந்து கேஸ் கேஸாகப் பிரிப்பது. மூன்றாவது கட்டம்தான் முக்கியம்: ஊருக்குத் திரும்பிய பிறகும் வாராவாரம் வீடியோவில் கூடி, அவரவர் கிளினிக்கில் வந்த உண்மையான குடும்பத்தை முன்வைத்துப் பேசுவது. ஒருவர் தப்பாகப் படித்த ரிப்போர்ட்டை இன்னொருவர் பிடிப்பார்.

நம் பயிலரங்குகளில் இந்த மூன்றாவது கட்டம்தான் கிடையாது. சான்றிதழ், குரூப் போட்டோ, முடிந்தது. திங்கட்கிழமை ஒரு சிக்கலான ரிப்போர்ட் வந்தால் யாரிடம் கேட்பது?

அவர் சொன்ன இன்னொரு விஷயம். கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் நிறைய. அவர்களிடம் பிஆர்சிஏ1-ல் 9 முதல் 12 வரையுள்ள எக்ஸான்கள் (மரபணுவின் துண்டுகள்) மொத்தமாகக் காணாமல் போன ஒரு மாற்றம் அடிக்கடி வருகிறது. பழைய முறையில் எழுத்து எழுத்தாக வரிசை படித்தால் அது தட்டுப்படாது, நல்ல பிரதி ஒன்று பக்கத்தில் இருப்பதால் எல்லாம் சரியாகத் தெரியும். பெரிய துண்டு காணாமல் போனதைத் தேட எம்எல்பிஏ மாதிரி வேறு முறை வேண்டும். அந்த ஊரின் பயிற்சிக்கு அந்த ஊரின் மரபணு தெரிந்திருக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் இதையே பேசினார்களாம். எண்களை நானே போய்ச் சரிபார்க்கவில்லை, ஆனால் அந்த மாற்றம் பற்றி வைட்செல் குழுவே எழுதியிருக்கிறது.

#7 ஸ்கார்பரோ மச்சாள்

நான் டொக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பிஆர்சிஏ1 காவி, அதாவது அந்த மாற்றம் என்னிடம் இருக்கு. டொரொன்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். உங்கள் அத்தைப் பிரச்சினை எங்களுக்கு மாமியில் வரும். ஆனால் பாட்டியில் வராது. அம்மம்மா, அப்பம்மா என்று பிரித்துத்தான் சொல்லுவோம். கேட்கிறவருக்கு ஒரு கேள்வி மிச்சம்.

என் கதை இது. எனக்கு 2000-களின் நடுவில் இங்கே டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘185 டெல் ஏஜி’ என்று இருந்தது. பல வருடம் கழித்து, இந்தியாவில் வசிக்கிற அக்காவுக்கு மார்பில் வந்தது. என் ரிப்போர்ட்டை அனுப்பினேன், அவவுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டில் ‘சி.68_69 டெல்’ என்று வந்தது. அங்கே பார்த்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, “ரெண்டும் வேற வேற. உங்க குடும்பத்துல ரெண்டு கோளாறு இருக்கு, பிள்ளைங்க எல்லாருக்கும் முழு டெஸ்ட் எடுக்கணும்” என்றார். அக்காவின் மகளுக்கு அப்போது கல்யாணப் பேச்சு. மூன்று கிழமை வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இங்கே என்னுடைய கவுன்சலரிடம் கேட்டபோது அவ ஒரு நிமிடத்தில் சொன்னா, இரண்டும் ஒன்றுதான் என்று. எண்ணத் தொடங்கும் இடம் மாறினதால் பேர் மாறியிருக்கு. அவ்வளவுதான்.

இதை உங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுங்கோ. தயவுசெய்து.

#8 குருதிக்கோடு

மச்சாள், மன்னியுங்கள். நீங்கள் அனுபவித்ததை நான் வகுப்பில் பயிற்சிக் கேள்வியாகவே வைத்திருக்கிறேன், ஆனால் அது ஒரு வீட்டின் மூன்று வாரச் சாப்பாடு என்று நினைத்துப் பார்த்ததில்லை.

மற்றவர்களுக்காக: பழைய எண்ணிக்கை மரபணுச் செய்தியின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. இப்போதைய முறை புரதம் எழுதத் தொடங்கும் எழுத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் பழைய ரிப்போர்ட்டில் 185, சிலவற்றில் 187, புதியதில் 68. அதேபோலப் பழைய 5382 இன்ஸ் சி என்பதுதான் இப்போது சி.5266 டூப். இந்த இரண்டு ஜோடியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதி சிக்கல் தீரும்.

இந்த 185 நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. உலகப் பாடப்புத்தகத்தில் இதை அஷ்கெனாசி யூதர்களின் மாற்றம் என்று எழுதியிருப்பார்கள். அவர்களில் சுமார் 40 பேரில் ஒருவரிடம் மூன்று மூல மாற்றங்களில் (பொது மூதாதையரிடமிருந்து பரவியவை) ஏதோ ஒன்று இருக்கும், அதில் இதுவும் ஒன்று. ஆனால் சென்னையில் தென்னிந்தியப் பெண்களிடம் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. அதிலும் இதே மாற்றம் அடிக்கடி தென்பட்டது. யூதர்கள் வழியாக வந்ததா, இங்கே தனியாகத் தோன்றியதா? ஓர் இந்தியக் குடும்பத்தில் இது தனியாகவே தோன்றியது என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஒரு பயிற்சியில் அமெரிக்க ஸ்லைடை அப்படியே காட்டி ‘இது யூதர்களுக்கு’ என்று சொல்லிக் கடந்துபோனார்கள். கை தூக்கினேன். நேரமில்லை என்றார்கள்.

#9 சந்தேகப் பேர்வழி

சரி, ஒப்புக்கொள்கிறேன். கேட்பது வேறு, டெஸ்ட் விற்பது வேறு. ஆனால் என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சொந்தக்காரப் பெண், வயது 38, மார்பகப் புற்றுநோய். தனியார் இடம் ஒன்றில் பார்த்தார்கள், பெயர் வேண்டாம். 80-க்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ள பேனல் எடுத்தார்கள். ‘கவுன்சலிங் இலவசம்’ என்று போனில் ஒருவர் பேசினார், ஏழு நிமிடம். ரிப்போர்ட்டில் ஒரு மரபணுவில் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று வந்தது. அதைக் காட்டி இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு 39-லேயே மாதவிடாய் நின்றது. இப்போது எலும்பு தேய்கிறது. ஒன்றரை வருடம் கழித்து அந்த மாற்றத்தையே ‘தீங்கற்றது’ என்று மாற்றி எழுதிக் கடிதம் வந்தது. கடிதத்தை மாமா கிழிக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

டெஸ்ட் எழுதத் தெரிந்தால் போதுமா, படிக்கத் தெரிய வேண்டாமா?

#10 கீமோ நாற்காலி

நீங்கள் சொன்னதை மறுக்க ஒன்றுமில்லை. 2015-லேயே அமெரிக்க மருத்துவ மரபணுவியல் அமைப்பு மாற்றங்களை ஐந்து படியாகப் பிரித்துவிட்டது: தீங்கானது, தீங்காக இருக்கக்கூடியது, தெளிவில்லாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. நடுவில் உள்ளதை வைத்து உறுப்பை எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டிய காரணம் குடும்ப வரலாற்றில் இருந்தால் அது வேறு. எந்தப் பயிற்சியிலும் இது முதல் பாடம். அங்கே பயிற்சி இல்லை என்றுதான் அர்த்தம்.

நம்மவர்களுக்கு இந்த நடு வகை அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பிடுவதற்கு உள்ள தரவுத்தளங்களில் ஐரோப்பியர்கள் நிரம்பியிருக்கிறார்கள். நம் ஊரில் சாதாரணமாக எல்லாரிடமும் இருக்கும் எழுத்து மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும். இந்தியாவிலேயே 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆபத்தைக் கணக்கிடும் கருவிகளும் அப்படித்தான். கேம்பிரிட்ஜ்காரர்களின் கேன்ரிஸ்க் இலவசமாகக் கிடைக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்லும் சதவீதத்தை விருதுநகர்ப் பெண்ணுக்குத் தசம எண்ணோடு சொல்ல மாட்டேன்.

#11 கிள்ளான் வாசி

மலேசியாவிலிருந்து. ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை. இங்கே மேஜிக் என்று ஓர் ஆய்வு நடந்தது. சினைப்பைப் புற்றுநோய்ப் பெண்களுக்கு ஜெனெடிக் கவுன்சலிங்கை அவர்களின் சொந்த டாக்டரே செய்யப் பழக்குவது. கேன்சர் ரிசர்ச் மலேசியா முன்னின்று நடத்தியது. நாடு முழுக்கக் கவுன்சலர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள், வேறு வழியில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது. மூன்று இனத்து நோயாளிகள், மூன்று விதப் பயம். தமிழ் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி கேன்சரைப் பற்றி இல்லை. “இத என் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாம வச்சிக்கலாமா?” இதற்குப் பதில் சொல்ல எந்த ஸ்லைடும் கிடையாது.

#12 லீட்ஸ் சாரல்

கிள்ளான் வாசி, அதற்கு இங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. நோயாளியின் பெயரே இல்லாமல் ‘உறவினருக்கான கடிதம்’ என்று ஒன்று கொடுப்போம். ‘உங்கள் ரத்த உறவு ஒருவரிடம் இந்த மரபணு மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது, நீங்கள் விரும்பினால் பரிசோதிக்கலாம்’ என்ற அளவில். யாரிடம் கொடுப்பது என்பதை நோயாளி முடிவு செய்வார். சம்பந்தி வீட்டுக்கு ரத்த உறவு இல்லை, அதனால் கடிதம் அங்கே போகாது. சொந்தத்திலேயே கல்யாணம் ஆகியிருந்தால்தான் சிக்கல்!

அதையும் தொட்டுவிடுகிறேன். அக்கா மகளைக் கட்டிய குடும்பத்தில் மரம் வரையும்போது மாமனாரே தாத்தாவாக இருப்பார். கம்ப்யூட்டரில் வரைந்தால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பேப்பரில் வரையுங்கள். சொந்தக் கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, மறக்க வேண்டாம். பிஆர்சிஏ ஒரு பிரதி கெட்டாலே ஆபத்து தருவது, அதற்குச் சொந்தக் கல்யாணம் காரணம் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பிஆர்சிஏ2 மாற்றம் இருந்து குழந்தைக்கு இரண்டும் போனால் ஃபேன்கோனி ரத்தசோகை வரும். எம்யூடிஒய்எச் என்ற மரபணுவில் இரண்டு பிரதியும் கெட்டால் பெருங்குடலில் பாலிப் பாலிப்பாக வரும், அப்பா அம்மா இருவருக்கும் ஒன்றும் இருக்காது. ‘குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

#13 பாரஃபின் கட்டை

பேத்தாலஜிஸ்ட். எல்லாரும் மார்பகத்திலேயே நிற்கிறீர்கள். குடலுக்கும் வாருங்கள்.

லிஞ்ச் நோய்க்குறியைப் பிடிக்கப் பேசவே தெரிய வேண்டாம், கட்டியே பேசும். பெருங்குடல், கர்ப்பப்பைக் கட்டிகளில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்தால் போதும். எது காணவில்லையோ அந்தப் பக்கம் தேட வேண்டும். நான் ரிப்போர்ட்டில் ‘எம்எஸ்எச்2 இழப்பு’ என்று எழுதி அனுப்புகிறேன். மூன்றில் இரண்டு தடவை யாரும் போன் செய்வதில்லை. அந்த வரியின் அர்த்தம் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் இருந்தால், அதுதான் எனக்குப் பயிற்சி.

அதுவும் இல்லாத ஊரில் 3-2-1 நினைவிருக்கட்டும்: இந்த வகைப் புற்றுநோய் வந்த மூன்று உறவினர், இரண்டு தலைமுறை, ஒருவராவது 50-க்குக் கீழ். ஆம்ஸ்டர்டாம் விதி. இதில் தப்பிப்போகும் குடும்பங்களும் உண்டு, வடிகட்டியின் கண் பெரியது. 1895-ல் மிச்சிகனில் ஒரு தையல்காரி வார்தின் என்ற பேத்தாலஜிஸ்டிடம், ‘எங்கள் குடும்பத்தில் எல்லாரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்’ என்று சொன்னாளாம். அவர் அதைக் காதில் வாங்கிக் குடும்ப மரம் வரைந்தார். அந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் வித்து முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இளவயதில் இறந்ததுதான். இன்றைக்கு அந்த வயதில் ஒரு பெண் வந்தால் முதலில் நான்கு சாயமும் போடுவேன்.

#14 சந்தேகப் பேர்வழி

பேத்தாலஜி சார், போன் நம்பரை ரிப்போர்ட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். நான் கூப்பிடுகிறேன்.

#15 தென்மாவட்ட சர்ஜன்

ஏழு வாரம் ஆகிவிட்டது. இழை கீழே போயிருக்கும், மேலே இழுக்கிறேன்.

முதல் விஷயம். அந்த 34 வயதுப் பெண்ணுக்கு ஓர் அறக்கட்டளை உதவியில் டெஸ்ட் எடுத்தோம். பிஆர்சிஏ1, தீங்கானது. நம்ம பழைய 185 தான், ரிப்போர்ட்டில் 68 என்று இருந்தது. மச்சாள், உங்களை நினைத்துக்கொண்டேன். பெண்ணின் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். (கூடப் பிறந்தவர்தான்.) “நான் ஆம்பள சார், எனக்கு எதுக்கு?” என்றார். அவருக்கு இரண்டு மகள்கள். அவர்கள் பெயரைக் கேட்டேன், வயதைக் கேட்டேன், பேப்பரில் இரண்டு வட்டம் போட்டேன், அவரிடமிருந்து கோடு இழுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் வரவில்லை.

இரண்டாவது. வெளிநாட்டுப் படிப்புக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. எங்கள் மாவட்டத்திலும் பக்கத்து இரண்டு மாவட்டங்களிலுமாக எட்டுப் பேர், அதில் மூன்று பேர் ஸ்டாஃப் நர்ஸ், வியாழக்கிழமை இரவு ஒன்பதுக்கு வீடியோவில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு குடும்பம், பெயர் இல்லாமல். குருதிக்கோடு மேடம் மாதம் இரண்டு தடவை வந்து காதைப் பிடித்துத் திருகுகிறார். இதுவரை 19 மரம் வரைந்திருக்கிறோம். இதில் என் கேஸ் ஷீட்டில் நானே ‘ஒன்றுமில்லை’ என்று கையெழுத்துப் போட்ட நான்கு பேரின் மரமும் இருக்கிறது. இதில் மிக நன்றாகக் கேட்பவர் எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர். அவர் நோயாளியோடு உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே கேட்கிறார், கையில் பேனாவே இருக்காது. பிறகு வந்து வரைகிறார்.

இப்போது ஒரு சந்தேகம். 41 வயதுப் பெண், மார்பில் கட்டி என்று வந்தார், பார்த்தால் சாதாரண ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை. அனுப்பியிருப்பேன். சிஸ்டர் கேட்டதில் அம்மா மார்பகப் புற்றுநோயில் 44-ல் இறந்திருக்கிறார், அம்மாவின் கூடப் பிறந்த தங்கைக்குச் சினைப்பையில் வந்து கீமோ நடக்கிறது. இந்தப் பெண் தனக்கு டெஸ்ட் எடுங்கள் என்கிறார். நான் சித்தியைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். சரிதானே? சனிக்கிழமை வருகிறார். ரத்தம் எடுக்கும் முன் வேறு எதையாவது விட்டிருக்கிறேனா?

#16 குருதிக்கோடு

சித்தியை முதலில் எடுப்பதுதான் சரி. நோய் வந்தவரிடம் மாற்றம் என்னவென்று தெரியாமல் இந்தப் பெண்ணுக்கு எடுத்து ‘நெகட்டிவ்’ என்று வந்தால், அது நல்ல செய்தியா என்று உங்களாலும் சொல்ல முடியாது. சித்தியிடம் மாற்றம் கிடைத்து, அது இந்தப் பெண்ணிடம் இல்லையென்றால்தான் நிம்மதியாக அனுப்பலாம்.

எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவருக்கு இருக்காது, ஆனால் கேட்கும் பழக்கம் வேண்டும். நடந்திருந்தால் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் டி.என்.ஏ. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் லேபுக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சனிக்கிழமையே கேளுங்கள். ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் முடிவை யாரிடம் சொல்ல வேண்டும்? பெயரும் உறவும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிஸ்டரையே கேட்கச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. கீமோவில் இருக்கிறவர், பஸ்ஸில் வருகிறார். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.